விவசாயி பக்கம் திரும்பியிருந்த திரை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருக்கோடி ஆயா மஞ்சள் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு காலத்தில் வருவாய் ஆய்வாளராக இருந்ததால் தெருவில் எனக்கு இன்னும் 'ஆர்.ஐ. அம்மா' என்றுதான் பெயர். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எது வந்தாலும் முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். ஒன்று பட்டா நகல், இன்னொன்று ஆதார். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்களே, அதற்குப் பதியப் போயிருக்கிறார். ஆதாரில் அவர் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது. பட்டாவில் 'அம்மா'. கடைசி 'ள்' இல்லை. அந்த ஒரு எழுத்துக்காக இ-சேவை மையத்துக்கு இரண்டு தடவை, தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறார். மையத்தில், "தாலுகா ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார்களாம். தாலுகா ஆபீசில், "ஆன்லைன்ல போடுங்க" என்றார்களாம். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குதாம்மா."

முப்பது வருடம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவள் நான். இந்த வாக்கியத்தை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2003 மே மாதம். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, தர்மபுரியோடு இருந்தது. நான் தாலுகா ஆபீசில் உதவியாளர். வருடா வருடம் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்காக, பசலி 1412 என்ற வருவாய் ஆண்டின் கணக்குகளைத் தயார் செய்துகொண்டிருந்த நேரம். என் தாய்மாமனுக்குக் கர்நாடக எல்லைக்குள் ஆனேக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. எங்கள் பகுதியில் இது சகஜம். வீடு இந்த மாநிலத்தில் இருக்கும், கிணறு அந்த மாநிலத்தில் இருக்கும். தாத்தா இறந்ததும் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கூட வா என்றார் மாமா. ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தேன்: கிராமக் கணக்கரைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள், அவருக்குக் கொடுக்க நூறோ இருநூறோ.

அங்கே ஒரு கவுன்டர் இருந்தது. அதற்குள் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கவுன்டரின் மேல், எங்களைப் பார்த்தபடி, இன்னொரு திரை வைத்திருந்தார்கள். உள்ளே அவர் தட்டத் தட்ட, அதே எழுத்துகள் எங்கள் கண்ணுக்கு முன்னால் ஓடின. மாமாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். இரண்டாவது வரி வந்ததும் கையைத் தூக்கிவிட்டார். தாத்தா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார், அழித்தார், திரும்பத் தட்டினார். அவ்வளவுதான். ஒப்புகைச் சீட்டு வந்தது, அதில் வரிசை எண். நிலம் யாருடையது, என்ன பயிர் என்று சொல்லும் 'பஹணி' நகல் ஒன்றும் கேட்டோம். 15 ரூபாய். அச்சடித்துக் கையில் கொடுத்தார்.

மாமா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று பீடி பற்றவைத்தார். "நம்ம பேரு எழுதறதை நாம பாக்குறோம், என்னா?" என்றார். அவருக்குப் பட்ட அதிசயம் அது. எனக்கோ வேறொன்று உறைத்தது. எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்த மேஜை சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. வருகிறவர்களுக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும்.

அந்தத் திட்டத்தின் பெயர் 'பூமி'. பிறகு அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் புரிந்தது, அந்தத் திரை தானாகத் திரும்பவில்லை, யாரோ ஒருவர் முடிவெடுத்துத்தான் திருப்பியிருக்கிறார் என்று.

கர்நாடகத்தில் நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற 1991லேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. மத்திய அரசுப் பணம், குல்பர்காவில் முன்னோட்டம். 1996க்குள் எல்லா மாவட்டங்களுக்கும் அனுமதி வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரை மாவட்டத் தலைநகரில் வைத்தார்கள். நிலம் கைமாறுவது, பாகம் பிரிவது, பெயர் மாறுவது எல்லாம் தாலுகாவில் நடக்கிறது. அங்கே மெஷின் கிடையாது. அதனால் ஏற்றிய தகவல் ஏற்றிய அன்றைக்கே பழசாகத் தொடங்கியது. கிராமத்தில் பழைய நோட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வருவாய்த் துறையில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குக்கூட இது தெரிந்திருக்கும். அவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

ராஜீவ் சாவ்லா என்ற அதிகாரி வருவாய்த் துறையில் கூடுதல் செயலாளராக இந்தப் பொறுப்பை எடுத்த பிறகுதான் மாறியது. முதலமைச்சராக எஸ்.எம். கிருஷ்ணா இருந்த காலம். மென்பொருளை எழுதியது மத்திய அரசின் கணினி நிறுவனமான என்.ஐ.சி.யின் பெங்களூரு அலுவலகம். 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி ஆவணங்கள், 177 தாலுகாக்கள். இந்த எண்கள் எல்லாரையும் மலைக்க வைக்கும். என்னை மலைக்க வைத்தது வேறு: அவர் எழுதி வாங்கிய உத்தரவுகள்.

முதல் உத்தரவு, ஒரு தாலுகாவில் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே கையால் எழுதிய பஹணி செல்லாது என்பது. இதைப் படித்ததும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் துறையில் எந்தப் புது ஏற்பாடு வந்தாலும், "பழசும் கொஞ்ச நாள் கூடவே ஓடட்டும்" என்போம். அந்தக் கொஞ்ச நாள் பத்து வருடம் ஆகும். இரண்டு கணக்கு இருந்தால் எது சரி என்று சொல்கிறவர் கையில்தான் அதிகாரம் போய்ச் சேரும். ஒன்பதாயிரம் கிராமக் கணக்கர்கள் அதுவரை தங்கள் கையில் வைத்திருந்த அதிகாரம் அது. ஒரு நகலுக்கு மூன்று நாளிலிருந்து முப்பது நாள் வரை அலைய விட முடிந்ததும், நூறிலிருந்து இரண்டாயிரம் வரை வாங்க முடிந்ததும் அதனால்தான். அந்தப் பழைய வழியை அடைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவருக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்கும் என்பது துறைக்குள் இருந்தவளுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். முதலில் வந்ததை முடிக்காமல் அடுத்ததைத் திறக்க மென்பொருள் விடாது. வேண்டியவர் மனுவை மேலே இழுப்பது, வேண்டாதவர் மனுவைக் கட்டின் அடியில் சொருகுவது என்பதெல்லாம் எங்கள் ஆபீசுகளில் ஒரு தனிக் கலை. அதற்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது, கணினியில் மாற்றம் செய்கிறவர் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெங்களூரு பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற தன்னார்வ அமைப்பு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பழைய முறையில் நகல் வாங்கியவர்களில் நூற்றுக்கு 66 பேர் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். பூமி கவுன்டரில் வாங்கியவர்களில் 3 பேர்.

எல்லாம் சுபம் என்று இங்கே முடித்தால் அது பொய். 2007ல் சில ஆய்வாளர்கள் பெங்களூரைச் சுற்றிய நிலங்களை வைத்து எதிர்மாறாக எழுதினார்கள். கிராமத்தில் சிதறிக் கிடந்த விவரம் தாலுகாவில் ஒரே இடத்தில் குவிந்ததால், பெரிய அளவில் நிலம் வாங்குகிறவர்களுக்குத்தான் அது வசதியானது, பெயர் மாற்றத்துக்கான செலவு குறையவில்லை என்றார்கள். நான் இரண்டையும் நம்புகிறேன். நகல் கொடுப்பது ஒரு வேலை. இந்த நிலம் யாருக்கு என்று தீர்மானிப்பது இன்னொரு வேலை. முதலாவதைக் கவுன்டருக்குக் கொண்டுவரலாம். இரண்டாவது நடக்கும் மேஜையும் எல்லார் கண்ணுக்கும் தெரியாவிட்டால், பணம் இங்கிருந்து அங்கே இடம் மாறும், அவ்வளவுதான்.

இனி எங்கள் பக்கத்துக் கதை.

தமிழ்நாட்டில் 'தமிழ் நிலம்' என்ற மென்பொருள் வந்தது. அதுவும் என்.ஐ.சி. எழுதியதுதான். இன்று வீட்டிலிருந்தே பட்டாவும், கிராமத்து நில விவரம் உள்ள 'அ' பதிவேடும் எடுக்கலாம். 2018ல் பத்திரப் பதிவு முழுக்கக் கணினிக்குப் போன பிறகு, பதிவு முடிந்ததும் பட்டா மாறுதல் மனு தானாகவே தாலுகாவுக்கு வந்து சேர்கிறது. இதெல்லாம் சின்ன விஷயமில்லை. இதற்காக ராத்திரி பகலாக உழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் உள்ளே ஏற்றிய கணக்கு எங்கிருந்து வந்தது? 1980களில் யூ.டி.ஆர். என்று எல்லாரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதிய பதிவேடுகளிலிருந்து. அதிலேயே பிழைகள் இருந்தன. அண்ணன் நிலம் தம்பி பேரில், இறந்தவர் பேர் அப்படியே, பத்து சென்ட் கூட, பத்து சென்ட் குறைய. 'யூ.டி.ஆர். பிழை' என்பது எங்கள் பக்கத்து விவசாயி வாயில் பழகிப்போன சொல். அந்தப் பிழைகளோடுதான் கணக்கு கணினிக்குள் போனது. போகும்போது இன்னும் கொஞ்சம் சேர்ந்தது.

அது எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வெளியிலிருந்து தட்டச்சு செய்யப் பையன்களை அமர்த்தினார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் தட்டிய தாள்கள் கட்டுக்கட்டாக வரும். மூலப் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலைக்குள் மாவட்டத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று உத்தரவு. இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். முதல் நாற்பது பக்கம் விரலை வைத்து ஒப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் கையெழுத்து மட்டும் போட்டேன். எங்கள் ஊர்க் கணக்கும் அந்தக் கட்டில்தான் இருந்தது.

ஆயாவின் 'ள்' என் கையெழுத்துக்கு மேலேதான் தவறியிருக்க வேண்டும். மூலப் பதிவேட்டில் அது இருந்ததா, பார்த்தால் தெரிந்துவிடும்.

பல வருடம் கழித்து நான் மண்டல துணை வட்டாட்சியர் ஆனேன். அதற்குள் டிஜிட்டல் கையொப்பம் வந்துவிட்டது. பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. அந்த டோக்கன்தான் நான். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் துணை வட்டாட்சியர். வாரம் ஒரு நாள் காணொலிக் கூட்டம். எந்த வட்டத்தில் எத்தனை மனு நிலுவை என்று சிவப்பு, மஞ்சள், பச்சையில் ஒரு பட்டியல் வரும். சிவப்பில் இருக்கிற வட்டத்தை எழுந்து நிற்கச் சொல்வார்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை நான் ஏதாவது கிராமத்தில் தகராறு விசாரணையில் இருப்பேன். ஆபீசிலிருந்து போன் வரும்: "மேடம், டோக்கன் எங்க வச்சிருக்கீங்க? பெண்டிங் நிக்குது." மேஜை இழுப்பறையில் இருக்கிறது என்பேன். பாஸ்வேர்டு கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சீட்டில். ஆபரேட்டர் தங்கமான பையன், ஒரு பைசா வாங்காதவன். அவன் என்ன செய்வான்? நிலுவையைக் குறைக்க வேண்டும். அனுமதித்தாலும் முடிவு, தள்ளுபடி செய்தாலும் முடிவு. 'உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை' என்று ஒரு வரி போட்டால் மனு பட்டியலிலிருந்து போய்விடும். பட்டியல் பச்சையாகிவிடும். மறுநாள் பாராட்டு எங்களுக்கு.

விரல் ரேகையை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விரலை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போக முடியாது.

2020ல் பிரதமர் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதிகாரிகளின் லாகினும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கைக்குப் போய், விவசாயிகளே அல்லாத 5 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 110 கோடி ரூபாய் வரை போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை வந்தது. செய்தியைப் படித்த அன்றைக்கு என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சீட்டை எடுத்துக் கிழித்தேன். மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கோட்டாட்சியர் எங்களுக்கு வந்தார். வயதில் என்னைவிட இருபது வருடம் சின்னவர். வந்த இரண்டாவது வாரம் நிலுவைப் பட்டியலைக் கேட்கவே இல்லை. "தள்ளுபடி பண்ணின மனுவுல பத்து எடுங்க. நீங்க எடுக்க வேண்டாம், நானே எடுக்கிறேன்" என்று ஏதோ பத்து எண்களைச் சொன்னார். ஒவ்வொன்றையும் எங்களையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். பத்தில் ஆறில் ஆவணம் இணைக்கப்பட்டே இருந்தது. அவர் கத்தவில்லை. அந்த ஆறு பேருக்கும் நாங்களே போன் செய்து வரச்சொல்ல வேண்டும் என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இது நடந்தது. மூன்று மாதத்தில் எங்கள் வட்டத்தில் தள்ளுபடி பாதிக்கு மேல் குறைந்தது, நிலுவை ஏறியது. பட்டியலில் நாங்கள் சிவப்புக்கு வந்தோம். காணொலியில் எழுந்து நின்றவர் அவர்தான். "இது என் முடிவு சார்" என்றார். தலைமை என்றால் எனக்கு அந்த மனிதர் முகம்தான் ஞாபகம் வருகிறது. ஒரு வருடத்தில் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் பழைய பட்டியலைத் திரும்ப எடுத்தார்.

எனக்கு வயிற்றெரிச்சல் இதில்தான். நல்ல அதிகாரி போனதும் நல்ல வழக்கமும் கூடவே போய்விடுகிறது. சாவ்லா செய்தவை மென்பொருளுக்குள்ளும் அரசாணைக்குள்ளும் போய் உட்கார்ந்ததால் அவர் இல்லாத தாலுகாவிலும், அவரை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் கவுன்டரிலும் என் மாமாவுக்குக் கிடைத்தன. எங்கள் கோட்டாட்சியரின் வெள்ளிக்கிழமை அவர் டைரியில் மட்டும் இருந்தது.

'கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு' என்பது ஆயாவை நடக்க வைத்தது. இங்கிலாந்தில் இதே வாக்கியம் ஆட்களைச் சிறைக்கே அனுப்பியிருக்கிறது. அங்கே தபால் துறை 1999ல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கிளை அஞ்சலகங்களுக்குக் கொடுத்தது. ஃபுஜிட்சு நிறுவனம் செய்தது. அது காட்டிய கணக்கில் பணம் குறைந்தது. கிளையை நடத்தியவர்கள், "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினார்கள். கணினி தவறாது என்றது நிர்வாகம். 2015 வரை 900க்கும் அதிகமானவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு பெண் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். மென்பொருளில்தான் கோளாறு என்று 2019ல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024ல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். கோளாறு எந்த மென்பொருளிலும் வரும். அத்தனை வருடமும் மேலே இருந்தவர்கள், கீழேயிருந்து வந்த கடிதங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் படிக்க மறுத்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊரில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023ல் மகளிர் உரிமைத் தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. 1 கோடியே 6 லட்சம் பேரை எடுத்தார்கள். மீதிப் பேருக்குக் காரணம் சொல்லி எஸ்.எம்.எஸ். போனது. முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் வழி சொன்னார்கள். எடுத்த முடிவெல்லாம் சரியா என்று கேட்டால் நான் வாதாட வரமாட்டேன். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு பதவியின் பெயர் இருந்தது. ஆயாவின் 'ள்'ளுக்கு அது இல்லை.

அன்று ஆயாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன். இப்போது மண்டல துணை வட்டாட்சியராக இருப்பவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே இளநிலை உதவியாளர். எழுந்து நாற்காலி போட்டார். "திரையை இந்தப் பக்கம் திருப்புப்பா, ஆயா பார்க்கட்டும்" என்றேன். ஒயர் எட்டவில்லை. மேஜையையே ஒரு முழம் இழுத்தார்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். தெரியும், ஒரே ஒரு சொல். அறிவொளி இயக்கத்தில் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டு தன் பெயரை எழுதக் கற்றவர். முப்பது வருடமாகச் சங்கத்திலும் பேங்கிலும் அதைத்தான் எழுதி வருகிறார். திரையில் தன் பெயரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் விரல் வெறும் இடத்தில் நின்றது.

"இங்க ஒண்ணு வரணுமே, சுழிச்சு, மேல புள்ளி வச்சு."

துணை வட்டாட்சியர் ஒன்றும் சொல்லவில்லை. ரெக்கார்டு ரூமுக்கு ஆள் அனுப்பினார். மூலப் பதிவேடு தூசியோடு வந்தது. ஆயாவின் பெயர் நீல மையில், 'ள்' முழுசாக, புள்ளியோடு இருந்தது. அது இருந்த பக்க எண் 112.

மனுவை நானே எழுதினேன். பதிவேட்டு நகலை இணைத்தோம். சரிபார்த்ததில் தவறியது என்று காரணம் போட்டு, அப்போது சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினேன். "அது எதுக்கு மேடம்?" என்றார் அவர். இருக்கட்டும் என்றேன். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை வந்துவிட்டது. தாசில்தார் ஒப்புதல் பாக்கி. இன்றோடு 19 நாள். வியாழக்கிழமை ஆயாவும் நானும் திரும்பப் போகிறோம்.